நாற்பது கையெழுத்தும் என் ஒரு வாயும்

தம்பி,

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீயும் நானும் அந்தக் கறுப்பு வெள்ளைப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மில் முதலாளி மாடிப்படியில் நின்றபடி பட்டு அங்கியின் கயிற்றைச் சுழற்றிக்கொண்டு சிரித்தபோது நீ சோபாவில் புரண்டு புரண்டு சிரித்தாய். "ஏன்மா, அந்தக் காலத்து பாஸ் எல்லாம் வீட்டுக்குள்ளயும் கோட்டு போட்டுக்கிட்டு படியிலயேதான் நிப்பாங்களா?" என்று கேட்டாய். "இறங்கி வந்துட்டா படம் முடிஞ்சிரும்லா, அதான் நிக்கிறாரு" என்றேன். அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பிறகு நீ ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாய்: "எங்க பாஸ் இப்படி இல்லம்மா. ரொம்ப நல்ல மனுஷன். வாராவாரம் என்கூட பேட்மின்டன் ஆடுறாரு. புதன்கிழமை நான் தனியா போயி பேசினா கேப்பாரு. அன்னைக்கு நீங்க தனியா போயி ஜெயிச்சிட்டு வரலியா? அதே மாதிரிதான்." நான் சட்டென்று எழுந்து, அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று சமையலறைக்கு ஓடினேன். அடுப்பில் எதுவும் இல்லை. தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு நீ கிளம்பிப் போகும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தேன்.

நீ பேசப்போகிற விஷயம் எனக்குத் தெரியும். செனாயில் உன் கிடங்கில் வேலை செய்யும் ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் ஒரு ஸ்கேனரைக் கட்டி வைத்திருக்கிறார்கள். பத்து நிமிடம் கை சும்மா இருந்தால் அது கீச்சிடுகிறது. கழிவறைக்குப் போனாலும் கீச்சிடுகிறது, தொழுகைக்குப் போனாலும் கீச்சிடுகிறது, மாத முடிவில் அத்தனை கீச்சும் பேருக்கு நேரே குற்றமாக ஏறுகிறது. உன் பிரிவில் உன்னோடு சேர்த்துப் பதின்மூன்று பேர். நாலு பேர் நேப்பாளத்துப் பையன்கள். நீ டீம் லீடர், நன்றாகப் பேசுவாய் என்று அவர்கள் உன்னை நம்பியிருக்கிறார்கள். நீ என் கதையை நம்பியிருக்கிறாய். அந்தக் கதையில் பாதிதான் நிஜம். மீதியைப் புதன்கிழமைக்கு முன்னால் சொல்லியாக வேண்டும். அதனால்தான் இந்தக் கடிதம்.

இதைத் தாளில் எழுதிப் படம் எடுத்து நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடப்போகிறேன். மாமா, சித்தி, உன் தங்கை எல்லாரும் படிக்கட்டும். ஒவ்வொரு தீபாவளிக்கும் முறுக்குத் தட்டைச் சுற்றி உட்காரவைத்து, நான் முதலாளியை மடக்கிய கதையை நடித்துக் காட்டியது இவர்கள் எல்லாருக்கும்தான். "இன்னொரு தடவ அந்த மேனேஜர் மாதிரி செய்யுங்க அத்தை" என்று பிள்ளைகள் கேட்க, நான் மூக்குக்கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு செய்வேன். கூட்டத்தில் நின்று சொன்ன பொய்யை உன் காதில் மட்டும் வந்து திருத்தினால் அது இன்னொரு பொய்.

கோத்தா திங்கிப் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்டத்தில் மாதம் ஒரு படம் போடுவார்கள் என்று சொல்லியிருக்கிறேன் அல்லவா. பந்துத் திடலில் இரண்டு கோல்கம்பங்களுக்கு நடுவே வெள்ளைத் துணி கட்டுவார்கள். முன்வரிசையில் நாற்காலிகள். அவை தோட்டத்து மேனேஜருக்கும், ஆபீசில் கணக்கு எழுதும் கிராணிக்கும், அவர்கள் வீட்டாருக்கும். நாங்கள் பின்னால் பாய், சாக்கு, அதுவும் இல்லையென்றால் புல். எல்லாம் பழைய படங்கள்தான். ஏழைத் தொழிலாளி முதலாளியைப் பார்த்து நீட்டி முழக்கிப் பேசும் இடம் வந்தால் திடலே விசிலடிக்கும். முன்னால் நாற்காலியில் இருந்த கிராணியும் கைதட்டுவார்! முதலாளியை வறுத்தெடுக்கும் படத்துக்குத் தோட்ட முதலாளியே காசு கொடுத்து எந்திரம் வரவழைக்கிறாரே, ஏன் என்று ஒருநாளும் எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. எல்லாரும் தொண்டை கிழியக் கத்திவிட்டு, படம் முடிந்ததும் அந்த நாற்காலிகளை நாங்களே தூக்கிக்கொண்டு போய் ஆபீசில் அடுக்கி வைத்துவிட்டு வருவோம். கதாநாயகன் மாதிரி பேசிக்கொண்டே தூக்குவோம், அதுதான் விசேஷம்.

அதில் பெரிய வாய் என் வாய். பதினாலு பதினைந்து வயதில் நான் யாரையும் விட்டு வைத்ததில்லை. குளித்துவிட்டு வருகிற துண்டை அங்கி மாதிரி கட்டிக்கொண்டு, கொய்யாக் குச்சியைப் பைப் மாதிரி கடித்துக்கொண்டு, லயத்து வரிசை வீட்டு வாசற்படியில் நின்று முதலாளி சிரிப்புச் சிரிப்பேன். "முதல் போட்டவன் முதலாளி, முதுகு வளைஞ்சவன் தொழிலாளி, ரெண்டும் இல்லாதவன் கிராணி" என்று சொந்தச் சரக்கும் சேர்த்துவிடுவேன். ஒருமுறை கிராணியின் குரலில் கதவுக்குப் பின்னால் நின்று "நாளைக்கு எல்லாருக்கும் லீவு" என்று கத்தி, பாதி லயத்தை மறுநாள் தூங்கவைத்தேன். உன் தாத்தா விளக்குமாற்றோடு துரத்தினார். ஊரே சிரித்தது. அந்தச் சிரிப்பு ஒரு ருசி, தம்பி. அது நாக்கில் ஒட்டிக்கொண்டது.

பதினெட்டு வயதில் செனாயில் ஓர் எலக்ட்ரானிக்ஸ் பேக்டரியில் சேர்ந்தேன். பஸ் தோட்டத்து முனையிலேயே வந்து ஏற்றிக்கொள்ளும். எங்கள் வரிசையில் நாற்பது பெண்கள். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, முடியைவிட மெல்லிய கம்பிகளை ஒட்டுவது வேலை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசர் மேசையில் ஒரு சிவப்பு மரக்கட்டை தொங்கும், அதை எடுத்துக்கொண்டு போக வேண்டும். நாற்பது பேருக்கும் ஒரே கட்டை. ஒருத்தி எடுத்துக்கொண்டு போனால் அவள் திரும்பி வரும்வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் அடக்கிக்கொள்ள வேண்டும். நான் அதற்கு 'மகாராணியின் செங்கோல்' என்று பெயர் வைத்தேன். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்துச் சிரித்தே ஒன்றரை வருடம் அந்தக் கட்டையைத் தாங்கிக்கொண்டோம்.

என் பக்கத்து இருக்கை பரிமளா அக்கா. இந்தப் பெயரை நீ இதுவரை கேட்டிருக்க மாட்டாய். என் கதையில் அவளை நான் வைக்கவே இல்லை. கூலாய் ஊரிலிருந்து வருவாள். ஆறு மாதக் கர்ப்பம். ஒருநாள் காலை கட்டை வேறொருத்தியிடம் இருந்தது. அக்கா இரண்டு முறை எழுந்து போய்க் கேட்டாள். "பொறு, ஒனக்கு மட்டும் தனிச் சட்டமா?" என்றாள் சூப்பர்வைசர். மூன்றாவது முறை அக்கா எழவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே நனைந்துவிட்டது. சூப்பர்வைசர் துடைப்பத்தைக் கொண்டுவந்து அவள் கையிலேயே கொடுத்தாள். அந்த வயிற்றோடு அவள் குனிந்து துடைத்தாள். மற்ற யாரும் மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அன்று சாயங்காலம் பஸ்ஸில் அக்காவே பேச்சை எடுத்தாள். "அழுது என்னாகப் போவுது? எழுதுவோம். கட்ட வேணாம், போறவங்க போயிட்டு வரட்டும், அவ்வளவுதான்." ஒரு பெரிய தாள் வாங்கி, நடுவில் நாலு வரி எழுதி, அதைச் சுற்றி வட்டமாகக் கையெழுத்துப் போடச் சொன்னாள். ஏன் வட்டம் என்று ஒருத்தி கேட்டாள். அவள் அப்பா வேலை செய்த தோட்டத்தில் இப்படி ஒரு மனு போயிருந்ததாம். முதல் வரிசையில் பேர் போட்டவர் அவள் அப்பா. மறுவாரமே சட்டி பானையோடு வெளியே. "யாரு மொதல்ல போட்டாங்கன்னுதான் தேடுவாங்க. வட்டத்துக்கு ஏது மொதல்?" என்றாள். வெள்ளிக்கிழமை தேநீர் இடைவேளையில் நாற்பது பேரும் சேர்ந்து ஆபீசுக்கு ஏறுவது, தாளைக் கொடுப்பது, பதில் வரும்வரை அங்கேயே தரையில் உட்கார்ந்திருப்பது. இதுதான் திட்டம். இவ்வளவு எளிமையான, இவ்வளவு கெட்டியான திட்டத்தை நான் எந்தப் படத்திலும் பார்த்ததில்லை.

கெடுத்தது நான். "நாப்பது பேரு எதுக்குலா? கூட்டமா போனா கலகம்னு செக்யூரிட்டிய கூப்பிடுவாங்க. நான் ஒருத்தி போறேன். நாலு வசனம் விட்டா ஆளு இறங்கி வந்துருவாரு" என்றேன். அக்கா என்னை முறைத்தாள். "இது படம் இல்லடி." "படத்துல எத்தன பேரு பேசுறாங்கக்கா? ஒருத்தன்தானே? மத்தவங்க பின்னால கைய தூக்கிக்கிட்டு நிப்பாங்க, அவ்வளவுதானே?" எல்லாரும் சிரித்தார்கள். சிலருக்கு நிம்மதியும் இருந்தது, தாங்கள் ஏற வேண்டியதில்லையே என்று. அக்காவுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. தாளை மடித்து என் கையில் கொடுத்து, "குடுத்துட்டு வந்துரு. பேரு கீரு எதுவும் சொல்லாத" என்றாள். இரண்டு நாள் நான் குளியலறையில் வசனம் ஒத்திகை பார்த்தேன். கழிவறைக் கட்டையில் தொடங்கி மனித உரிமையில் முடியும் வசனம். நன்றாகவே இருந்தது, அதை மட்டும் இன்றைக்கும் சொல்வேன்.

மேலே போனால் மாடிப்படியில் யாரும் நிற்கவில்லை. அங்கி இல்லை, பைப் இல்லை, சிரிப்பும் இல்லை. ஒல்லியாக, கண்ணாடி போட்ட ஒரு தமிழர் இருந்தார். பெண்களின் குறைகளைக் கேட்பதற்கென்று கம்பெனி வைத்திருந்த மேனேஜர். என்னைப் பார்த்ததும் எழுந்து, அவரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரும்மா. சாப்பிட்டியா?" என்றார். என் வசனம் அங்கேயே செத்துப்போனது. சாப்பிட்டாயா என்று கேட்கிற முதலாளிக்கு என்ன பதில் சொல்வது என்று எந்தப் படமும் எனக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. குடிக்க மைலோ வந்தது. அவர் தாளைப் பிரித்து, கார் ஸ்டீரிங்கைத் திருப்புவது மாதிரி சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "அடேயப்பா, எங்க ஆரம்பிக்குதுன்னே தெரியலியே. நல்ல மூளை" என்று மெச்சினார். எனக்கே மூளை என்று சொன்னமாதிரி பூரித்துப் போனேன்.

"நீ நல்லா நடிப்பியாமே, கீழ சொல்லிக்கிறாங்க. சூப்பர்வைசர் எப்படிக் கத்துவாங்க? செஞ்சு காட்டு பாப்போம்" என்றார். செய்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். தோட்டத்துத் திடல் முழுக்க என் ஒருத்திக்காகச் சிரிப்பது மாதிரி இருந்தது எனக்கு. "சரி, பஸ்ஸில எப்படிப் பேசிக்கிட்டீங்க? அதையும் காட்டேன்" என்றார், மெதுவாக, மைலோவை என் பக்கம் நகர்த்திக்கொண்டே. நான் எழுந்து நின்றேன். ஒரு கையை இடுப்பில் வைத்தேன். வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு இரண்டடி நடந்தேன். "யாரு மொதல்ல போட்டாங்கன்னுதான் தேடுவாங்க. வட்டத்துக்கு ஏது மொதல்?" என்று அக்காவின் குரலிலேயே சொன்னேன்.

நான் பேரைச் சொல்லவில்லை, தம்பி. அவரும் கேட்கவில்லை. எங்கள் வரிசையில் கர்ப்பிணி ஒருத்திதான்.

இரண்டு வாரத்தில் கட்டை ஒன்று இரண்டாயிற்று. கவனித்துக்கொள், எடுத்துவிடவில்லை, இரண்டாக்கினார்கள். எல்லாரும் என்னைத் தூக்கிக் கொண்டாடினார்கள். தீபாவளிக் கதை இந்த இடத்தில் முடிந்துவிடும். முடியாத பகுதி இது: அதே வாரம் எனக்கு நீலத் தொப்பி கொடுத்து லைன் லீடர் ஆக்கினார்கள். அதே வாரம் பரிமளா அக்காவிடம் இனிமேல் வர வேண்டாம் என்றார்கள். ஒப்பந்தம் முடிந்துவிட்டதாம். அவளுக்கு மட்டும். கடைசி நாள் பஸ்ஸில் அக்கா என் தொப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்: "பேரச் சொன்னியா?" "சத்தியமா சொல்லலக்கா" என்றேன். சத்தியம் சுத்தமான சத்தியம். அதனால்தான் இத்தனை வருடம் அதைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்க முடிந்தது. அவள் கூலாயில் இறங்கும்போது கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக இறங்கினாள். நான் எழுந்து கைகொடுக்கவில்லை.

ஊரில் என்னை வாயாடி என்பார்கள். என் வாய் ஆடியது, அவள் பிழைப்பு ஆட்டம் கண்டது. சிலேடை நன்றாகத்தான் வந்திருக்கிறது, பார். இந்தக் கெட்ட பழக்கம் போகவில்லை. வெட்கப்பட வேண்டிய இடத்தில் எனக்கு முதலில் வருவது வேடிக்கைதான்.

உனக்கு ஐந்து வயது இருக்கும்போது கூலாய்ச் சந்தையில் அவளைப் பார்த்தேன். வடை சுட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஒரு பெண்பிள்ளை காகிதம் மடித்துக்கொண்டிருந்தது. அன்று அந்த வயிற்றில் இருந்த பிள்ளையாகத்தான் இருக்கும். நீ கையை நீட்டி, "அம்மா, வட" என்றாய். நான் உன் வாயைப் பொத்தித் தூக்கிக்கொண்டு மீன் கடைகளுக்குள் புகுந்து ஓடினேன். நீ அழுதாய். வீட்டுக்கு வந்து உன் அப்பாவிடம், எண்ணெய் சரியில்லாத கடை என்று சொன்னேன். அவள் எண்ணெயைக்கூட விட்டுவைக்கவில்லை நான். அந்த மனிதருக்கும் கடைசிவரை உண்மை தெரியாது.

இப்போதெல்லாம் அந்தப் பழைய படங்கள் தொலைக்காட்சியில் வரும்போது வேறு கண்ணோடு பார்க்கிறேன். அவற்றைப் பழிக்க மாட்டேன். உரிமை என்கிற சொல்லையே நான் அந்தத் துணித்திரையில்தான் முதலில் கேட்டேன். எங்கள் வாத்தியாரோ கோயில் தலைவரோ அதைச் சொல்லித் தரவில்லை. ஆனால் அந்தப் படங்கள் முதலாளியை மூஞ்சியை வைத்து அடையாளம் காட்டின. கெட்டவன் என்றால் மாடிப்படியில் நின்று சிரிப்பான் என்று நம்பிப்போனவளுக்கு, நாற்காலி இழுத்துப் போட்டவரைப் பார்த்ததும் தான் வந்த காரியமே மறந்துவிட்டது. அவர் கெட்டவர் என்றுகூட இன்றைக்கு என்னால் சொல்ல முடியவில்லை. அவர் வேலையைப் பதமாகச் செய்தார், அவ்வளவுதான். அந்தக் கட்டையைத் தொங்கவிட்டது அவர் சிரிப்போ முறைப்போ இல்லை. நாற்பது பேர் ஒரு மணி நேரத்தில் எத்தனை கம்பி ஒட்ட வேண்டும் என்கிற கணக்கு அது. கணக்குக்கு மூஞ்சி கிடையாது, அதைப் படம் பிடிக்கவும் முடியாது.

இன்னொன்று. அந்தப் படங்களில் சண்டை எப்படித் தீர்கிறது என்று பார். முதலாளியின் மகள் திருந்திக் கதாநாயகனுக்கு மாலை போடுவாள். இல்லையென்றால் அந்தத் தொழிலாளியே முதலாளியின் காணாமல்போன மகன் என்று தெரியவரும். பிரச்சினை தீர்ந்தது, சுபம். பின்னால் கையைத் தூக்கிக்கொண்டு நின்றவர்களுக்குக் காணாமல்போன பணக்கார அப்பா யாரும் கிடையாது. அவர்கள் மறுநாள் காலை சங்கு ஊதியதும் அதே மில்லுக்குள் போவார்கள். கேமரா அவர்களோடு உள்ளே போகாது. எனக்குக் கிடைத்த நீலத் தொப்பி அந்த மாலைதான், தம்பி. நான் போட்டுக்கொண்டேன். முப்பத்தெட்டு பேர் இரண்டு கட்டைக்குத் திரும்பினார்கள். ஒருத்தி வடை சுடப் போனாள்.

உன் பாஸ் நல்லவராகவே இருக்கட்டும். நான் சந்தேகப்படவில்லை. பன்னிரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு போனாலும் அவர் நல்லவராக இருக்கலாம்தானே, யார் தடுக்கிறார்கள்? நீ தனியாகப் போனால் அவர் உன்னிடம் மட்டும் நல்லவராக இருப்பார். "பசங்க என்ன சொல்றாங்க, யாரு ரொம்ப கோவமா இருக்காங்க?" என்று பேட்மின்டன் ஆடுகிற தோழனாகவே கேட்பார். நீ நல்ல மனதோடு பதில் சொல்லுவாய். அந்த நேப்பாளத்துப் பையன்களின் விசா அந்தக் கம்பெனியின் கையில் இருக்கிறது என்று நீதானே சொன்னாய்? உன் வாய் தவறினால் உன் வேலை போகாது. அவர்களில் ஒருவன் விமானம் ஏறுவான். உனக்குத் தொப்பி வரும். அதை வாங்கிக்கொள்ள உனக்கு நூறு நியாயமும் கிடைக்கும். எனக்குக் கிடைத்தது: "நான் மேல இருந்தாத்தானே மத்தவங்களுக்கு ஏதாவது செய்ய முடியும்." பதினோரு வருடம் மேலே இருந்தேன். கட்டை இரண்டு இரண்டாகவே இருந்தது.

நீ கோபப்படுவாய். படு. "உங்கள பாத்துத்தானேம்மா நான் இப்படி வளந்தேன்" என்பாய். நீ பார்த்து வளர்ந்தவள் உன்னைச் சிரிக்கவைப்பதற்காக நான் உண்டாக்கியவள். பரிமளா அக்காவைத் தேடிப் போவேனா என்று உன் தங்கை குழுவில் கேட்பாள். போக வேண்டும். அதைப் பற்றி இங்கே நாலு நல்ல வார்த்தை எழுதிப் பேர் வாங்கிக்கொள்ள மாட்டேன். போன பிறகு சொல்கிறேன்.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. நான் எங்கேயும் ஓடிப்போகமாட்டேன், என்னைத் திட்ட உனக்கு நாள் இருக்கிறது. முதலில் அந்தப் பன்னிரண்டு பேருக்குப் போன் செய். புதன்கிழமை நீ மட்டும் போகவில்லை என்று சொல். யாராவது பயந்தால் வற்புறுத்தாதே, எல்லாருமாக வரமுடிகிற நாள் வரைக்கும் தள்ளிப்போடு. எல்லாரிடமும் பேசி முடித்த பிறகு வீட்டுக்கு வா. நீ என்ன கேட்டாலும் உட்கார்ந்து, என் குரலிலேயே பதில் சொல்வேன்.

அம்மா